ப. சிங்காரம்: பினாங்கையும் போரையும் தமிழ் நாவலாக்கியவர் இரண்டோடு ஏன் நிறுத்திக்கொண்டார்?

ஜார்ஜ்டவுனில் லெபோ சூலியா வழியாக நீங்கள் ஒரு தடவையாவது நடந்திருப்பீர்கள். ராத்திரியானால் வந்தான் மீ தள்ளுவண்டிகள், முதுகுப்பையோடு திரியும் சுற்றுலாப் பயணிகள், பழைய கடைவீடுகளில் இயங்கும் சின்னச் சின்ன ஹோட்டல்கள். கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இன்னும் கொஞ்சம் நடந்தால் நாகூர் தர்கா.

இந்தத் தெரு ஒரு தமிழ் நாவலில் வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? அதுவும் ஏதோ ஒரு பக்கத்தில் பெயரளவுக்கு அல்ல. குண்டு விழுந்த பினாங்கு, ஜப்பானியர் ஆண்ட பினாங்கு, பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் தமிழர்களின் பினாங்கு என்று ஊரே அதில் இருக்கிறது.

அதை எழுதியவர் பினாங்கில் பிறந்தவர் இல்லை. மதுரையில் ஒரு விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து எழுதினார். பெயர் ப. சிங்காரம். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல்கள். ஒன்று அச்சாக ஏறக்குறைய 9 ஆண்டுகள் ஆயின. இன்னொன்றுக்கு 10 ஆண்டுகள். அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் உயிரோடு இருந்தார், ஆனால் மூன்றாவது நாவல் வரவே இல்லை.

ஏன்? அந்தக் கேள்விக்குப் பதில் தேட அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

யார் இந்த சிங்காரம்?

1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி பிறந்தார். ஊர் சிங்கம்புணரி. இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது, அன்று ராமநாதபுரம் மாவட்டம். ஆரம்பப் பள்ளி சொந்த ஊரில். பிறகு மதுரையில் செயின்ட் மேரீஸ் உயர்நிலைப் பள்ளி.

1938இல், 18 வயதில், கப்பலேறினார். போன இடம் சுமத்ராவில் இருக்கும் மேடான். தன் ஊர்க்காரர் ஒருவர் அங்கே நடத்திவந்த வட்டிக்கடையில் வேலை.

18 வயதுப் பையனை வீட்டில் எப்படி அனுப்பினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைய ராமநாதபுரம் சீமையில் இது வீட்டுக்கு வீடு நடந்த கதை. மழை பொய்க்கும் பூமி. பர்மா, மலாயா, சுமத்ரா, சைகோன் என்று கடலுக்கு அப்பால்தான் சம்பாத்தியம். நம்மில் பலருடைய கொள்ளுத் தாத்தா கதையும் இப்படித்தானே தொடங்குகிறது?

வட்டிக்கடை வாழ்க்கை எப்படி இருக்கும்?

சிங்காரத்தின் நாவல்களைப் புரிந்துகொள்ள இந்த உலகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பினாங்கு ஸ்ட்ரீட்டுக்குப் பழைய தமிழ்ப் பெயர் கிட்டங்கித் தெரு. நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த கட்டடங்களைத்தான் கிட்டங்கி என்றார்கள். ஒரே கூரையின் கீழ் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு கணக்குப் புத்தகம். பகலில் அதுவே கடை, ராத்திரியில் அதுவே படுக்கை. நகரத்தார் மட்டுமில்லை, சிங்காரத்தின் முதலாளியைப் போல வேறு சமூகத்தாரும் இதே முறையில் கடை நடத்தினார்கள்.

வேலையிலும் படிகள் உண்டு. கீழ்ப்படியில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேல் அடுத்தாள். அதற்கும் மேல் கடையைப் பொறுப்பாக நடத்தும் மேலாள். முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். மேலாள்கள் மூன்று ஆண்டுக் கணக்கில் வந்து போவார்கள். குடும்பம் கூட வராது. கடன் வாங்க வருபவர்கள் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும். ஆகவே பெட்டியடிக்கு வந்த பையன் சில மாதங்களிலேயே மலாய் பேசுவான், கொஞ்சம் ஹொக்கியனும் புரியும்.

இந்த உலகத்தில் ஓர் ஆணின் மதிப்பு எதில் இருக்கிறது? கணக்கில் தவறாமல் இருப்பதில், முதலாளிக்கு அடங்கி நடப்பதில், ஊருக்குப் பணம் அனுப்புவதில். சிங்காரம் இதை உள்ளிருந்து பார்த்தவர். 1940இல் ஊருக்குப் போய்விட்டு மறுபடி மேடானுக்கு வந்தார். வட்டிக்கடையை விட்டு, மராமத்துத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த இரண்டாவது பயணம்தான் அவரை யுத்தத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

1941 டிசம்பர்: பினாங்கில் என்ன நடந்தது?

1941 டிசம்பர் 11. ஜார்ஜ்டவுன் வானத்தில் விமானங்கள் வந்தன. பலர் தெருவுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். விமானத் தாக்குதல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

சில நாட்களில் ஆங்கிலேயர்கள் ஐரோப்பியக் குடும்பங்களை இரவோடு இரவாகக் கப்பலேற்றி வெளியேற்றினார்கள். மற்றவர்கள் தீவிலேயே விடப்பட்டார்கள். டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியப் படை பினாங்குக்குள் வந்தது. 1942 மார்ச்சில் மேடானும் அவர்கள் கையில்.

ஒரு விஷயத்தை இங்கே யோசித்துப் பாருங்கள். 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போட்ட ஒப்பந்தம் மலாக்கா நீரிணையின் நடுவே ஒரு கோடு கிழித்தது. இந்தப் பக்கம் பிரிட்டிஷ் மலாயா, அந்தப் பக்கம் டச்சு சுமத்ரா. நூறாண்டுக்கு மேல் இருந்த அந்த இரண்டு ஆட்சிகளும் மூன்று நான்கு மாதத்துக்குள் காணாமல் போயின. இரண்டு கரையிலும் ஒரே ஜப்பானியக் கொடி.

தமிழர்களுக்கு இதன் அர்த்தம் என்ன? ஊரோடு தொடர்பு அறுந்தது. மூன்றரை ஆண்டுகள் கடிதம் இல்லை, பணம் அனுப்ப வழி இல்லை. தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள், ஏராளமானோர் திரும்பவில்லை. வட்டிக்கடைகளிலோ வேறு மாதிரி அடி. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு புழக்கத்துக்கு வந்தது. நல்ல வெள்ளி வாங்கிய கடனை மதிப்பில்லாத நோட்டால் அடைத்தார்கள். 1945இல் அந்த நோட்டும் வெறும் காகிதமானது.

இன்னொரு பக்கம், இந்திய தேசிய ராணுவம். பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் இந்திய சுதந்திர லீகின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் சுவராஜ் பயிற்சிக் கழகம் நடந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அதுவரை பேரேடு எழுதிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்கள் துப்பாக்கி தூக்கினார்கள்.

தோணியில் என்ன ஏற்றினார்கள்?

போர்க் குழப்ப ஆண்டுகளில் சிங்காரம் வேறு சில தமிழர்களோடு சேர்ந்து பண்டமாற்று வணிகத்தில் இறங்கினார். ராணுவ அரசின் அனுமதியோடு நடந்த வியாபாரம். சுமத்ராவிலிருந்து பினாங்குக்குச் சரக்கு தோணியில் போகும். தொங்கான் என்று நாம் சொல்கிறோமே, அந்த மரக்கலம்தான்.

இன்று பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அன்று அதே கடலைப் பாய் விரித்துக் கடக்க வேண்டும். மேலே நேசநாட்டு விமானங்கள், கீழே நீர்மூழ்கிகள், இடையில் திடீர் புயல். பினாங்குத் துறைமுகத்தையே ஜப்பானியரும் ஜெர்மானியரும் நீர்மூழ்கித் தளமாக வைத்திருந்த காலம் அது.

பின்னால் அவர் எழுதிய புயல் காட்சி தமிழில் வந்த கடல் எழுத்துகளில் தனியாகப் பேசப்படுகிறது. வாசித்தால் ஏன் என்று தெரியும். பாய்மரம் முறிவதும், சரக்கு உருள்வதும், ஆட்கள் கத்துவதும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்தக் கடல் வழியை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர் எழுதிய பக்கங்கள் மாதிரி அவை இல்லை.

பேசப்படாத இழப்பு

மேடானில் சிங்காரத்துக்குக் கல்யாணம் நடந்தது. முதல் பிரசவத்தில் மனைவி இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. அவருக்கு அப்போது ஏறக்குறைய 25 வயது. அதற்குப் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

மேடானில் இருந்த காலத்தில் அவர் ஆங்கிலம் வழியாக நிறைய நாவல்கள் படித்தார். டால்ஸ்டாய், தஸ்தயெவ்ஸ்கி, ஃபாக்னர், ஹெமிங்வே. இவற்றில் அவரை மிகவும் கவர்ந்தது 1929இல் வெளியான ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. முதல் உலகப் போரில் ஒரு படைவீரன், ஒரு செவிலி, அவர்களின் காதல். அந்த நாவல் எப்படி முடிகிறது தெரியுமா? பிரசவத்தில் குழந்தையும் தாயும் இறந்துபோகிறார்கள். அவன் மழையில் தனியாக நடந்து போகிறான்.

இதை வைத்து நாம் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த இளைஞரின் வாழ்க்கையிலும் போரும் பிரசவ மரணமும் அருகருகே வந்தன. தன் சொந்த இழப்பை அவர் நேரடியாக ஒரு நாவலாக எழுதவில்லை. அவருடைய கதாநாயகர்கள் மட்டும் எங்கும் ஒட்டாமல், எதையும் உறுதியாகப் பற்றிக்கொள்ளாமல் திரிகிறார்கள்.

மதுரையில் ஓர் அறை

1946இல் சிங்காரம் ஊர் திரும்பினார். 26 வயது. 1947இல் மதுரையில் தினத்தந்தி நாளிதழில் சேர்ந்தார். 1987 வரை, 40 ஆண்டுகள், அதே நிறுவனம். தங்கியது ஒய்எம்சிஏ விடுதியில். அங்கே ஏறக்குறைய 50 ஆண்டுகள்.

செய்தி அறை வேலை எப்படியென்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கும், ராத்திரியில் முடிந்துவிடும், மறுநாள் பழையதாகிவிடும். சிங்காரம் அந்த வேலையைச் செய்துகொண்டே, இன்னொரு பக்கம் பழையதாகாத ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

சென்னையின் இலக்கிய வட்டங்களில் அவர் இல்லை. சிறுபத்திரிகைச் சண்டைகளிலும் இல்லை. கூட்டங்களில் பேசவில்லை. எழுத்தாளர் என்று தன்னைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

முதல் நாவல்: துப்பாக்கி பிடித்தவனுக்குப் பெட்டியடி ஒத்துவருமா?

1950 வாக்கில் அவர் எழுதிய முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்'. கதை பினாங்கில் நடக்கிறது.

போர் முடிந்துவிட்டது. இந்திய தேசிய ராணுவம் கலைந்துவிட்டது. அதில் இருந்த செல்லையா மறுபடி வட்டிக்கடைக்கு வருகிறான். முதலாளியின் மகள் மரகதம். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம். ஆனால் முதலாளி மறுக்கிறார். ராணுவத்துக்குப் போய் வந்தவன் இனிமேல் அடங்கிக் கடை நடத்த மாட்டான் என்பது அவருடைய கணக்கு.

கேட்டால் சாதாரணக் காதல் கதை மாதிரி இருக்கும். ஆனால் முதலாளியை வில்லனாகக் காட்டி சிங்காரம் சுலபமாகத் தப்பிக்கவில்லை. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உலகப் போரே வந்து போனாலும் பெட்டியடியின் விதி மாறாது என்ற நியாயம். செல்லையா எதிர்த்து நிற்பது ஒரு மனிதரை அல்ல, ஒரு முழு வாழ்க்கை முறையை.

இந்தக் கையெழுத்துப் பிரதிக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. ஆண்டுகள் போயின. கடைசியில் கலைமகள் நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு கிடைத்தது. 1959இல் புத்தகமானது. அவருக்கு அப்போது 39 வயது.

இரண்டாவது நாவல்: 10 ஆண்டுக் காத்திருப்பு

'புயலிலே ஒரு தோணி'யை அவர் 1962இல் எழுதினார். முதல் நாவலைவிடப் பெரிய களம். மேடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதிலிருந்து கதை புறப்படுகிறது. கடைகள் கொள்ளை போகின்றன. கொள்ளையடித்தவர்களின் தலைகளை வெட்டி மக்கள் பார்க்க வைக்கிறார்கள். அந்தத் தெருவில் நின்று பார்க்கிறான் பாண்டியன் என்ற இளைஞன்.

அவன் தோணியில் நீரிணையைக் கடந்து பினாங்கு வருகிறான். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். வீரம் இருக்கிறது, அறிவு இருக்கிறது, ஆனால் எந்தக் கொள்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப அவனால் முடியவில்லை. போருக்கு நடுவில் அவன் மனம் அடிக்கடி மதுரைத் தெருக்களுக்கும் தன் ஊரான சின்னமங்கலத்துக்கும் ஓடுகிறது. குண்டு சத்தத்துக்கு நடுவே ஊர்ச் சந்தை நினைவுக்கு வருகிறது.

முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த நாவலில் தமிழர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் பழம்பெருமை பேசும் இடங்கள் வருகின்றன. சிங்காரம் அதைக் கிண்டலோடு எழுதுகிறார். மொழிப்பெருமை மேடைகளில் கொடிகட்டிப் பறந்த 1960களில் ஒருவர் இதை எழுதினார் என்பதை மறக்காதீர்கள். அவருக்குத் தமிழ்மேல் வெறுப்பு கிடையாது. பழைய இலக்கியம் நன்றாகத் தெரிந்தவர். பெருமையை மட்டும் சோறாகச் சாப்பிட முடியாது என்று வெளிநாட்டில் பிழைத்தவர் பார்க்கிற பார்வை அது.

நாவலுக்கு மறுபடி பதிப்பாளர் தேடல். 1972இல்தான் அது கலைஞன் பதிப்பக வெளியீடாக வந்தது, அதுவும் சில பகுதிகள் குறைக்கப்பட்டு. அவருக்கு 52 வயதாகியிருந்தது.

உங்கள் ரோஜாக் தமிழுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

வீட்டில் ஒரு தமிழ், நண்பர்களோடு ஒரு தமிழ், நடுவில் மலாய், ஆங்கிலம், கொஞ்சம் ஹொக்கியன். ஒரு வாக்கியத்தில் மூன்று மொழி. இப்படிப் பேசினால் தமிழைக் கெடுக்கிறாய் என்று யாராவது உங்களைத் திட்டியிருக்கலாம்.

சிங்காரத்தின் நாவலைத் திறந்து பாருங்கள். துவான், கிராணி, தவ்கே என்று நம் ஊர்ச் சொற்கள் சர்வ சாதாரணமாக வந்து போகின்றன. மேடான் தெருப் பெயர்கள் டச்சு உச்சரிப்பில் ஸ்ட்ராட் என்று முடிகின்றன. செட்டிநாட்டுப் பேச்சு, ராமநாதபுரம் பேச்சு, தஞ்சாவூர்ப் பேச்சு எல்லாம் தனித்தனியாகக் காதில் விழும். பக்கத்திலேயே சங்கப் பாடல்களின் சாயல். எல்லாம் தமிழ் எழுத்தில்தான்.

இது அலங்காரத்துக்காகச் செய்தது அல்ல. ஒரு துறைமுக நகரத்தில் யார் எந்த மொழியில் பேசுகிறார், யாரிடம் எந்த மொழிக்கு மாறுகிறார் என்பதில்தான் அதிகாரமே இருக்கிறது. ஜப்பானிய அதிகாரியிடம் ஒரு மொழி, சீன வியாபாரியிடம் ஒரு மொழி, சக தமிழனிடம் ஒரு மொழி. அதைச் சுத்தத் தமிழில் மாற்றி எழுதியிருந்தால் அந்தப் பினாங்கு நமக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே மலாயாத் தமிழரின் கலப்புப் பேச்சு ஒரு பெரிய நாவலுக்குத் தகுதியானதுதான் என்று யாராவது நிரூபிக்க வேண்டுமென்றால், அது 1972லேயே அச்சில் வந்துவிட்டது.

ஏன் எழுதுவதை நிறுத்தினார்?

சரி, முதல் கேள்விக்கு வருவோம்.

நீண்ட காலம் கழித்து வாசகர்களும் விமர்சகர்களும் அவரைத் தேடி மதுரைக்குப் போனார்கள். விமர்சகர் ந. முருகேசபாண்டியன் அவரோடு பேசிப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர். எழுத்தைப் பற்றி சிங்காரம் அவர்களிடம் பகிர்ந்துகொண்டவற்றின் சாரம் எளிமையானது. எழுதுவது அவருக்குக் கஷ்டமாக இல்லை. எழுதியதை வெளியே கொண்டுவர அலைந்ததுதான் கஷ்டம். பதிப்பாளர்களைத் தேடிய அந்த ஆண்டுகள் அவருடைய ஆர்வத்தை வற்றவைத்துவிட்டன. வந்த புத்தகங்களையும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆகவே நிறுத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

இதில் நாடகம் எதுவும் இல்லை. எழுத்தைத் துறந்துவிட்டேன் என்று அவர் அறிவிக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்லி ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. வேலைக்குப் போனார், அறைக்குத் திரும்பினார், படித்தார்.

எழுத்தாளர் என்றால் எந்த நிலையிலும் எழுதிக்கொண்டே இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். உள்ளே நெருப்பு இருந்தால் போதும் என்று சமூக ஊடகத்தில் தினமும் யாராவது சொல்கிறார்கள். சிங்காரத்தின் வாழ்க்கை வேறு மாதிரிச் சொல்கிறது. அவரிடம் அனுபவம் இருந்தது, மொழி இருந்தது, உட்கார்ந்து எழுத அறை இருந்தது, மாதச் சம்பளமும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. எழுதியதைக் கையில் வாங்கி, படித்துவிட்டுத் திரும்பப் பேசுகிற ஆள். அந்த ஒன்று இல்லாததால் நமக்கு வராமல் போன புத்தகங்கள் எத்தனை என்று கணக்கே இல்லை.

யோசித்துப் பாருங்கள். மேடானின் வாழ்க்கை, 1945க்குப் பிந்தைய இந்தோனேசியக் கொந்தளிப்பு, 40 ஆண்டு மதுரைப் பத்திரிகை உலகம். இவ்வளவும் தெரிந்த இன்னொரு தமிழ் நாவலாசிரியர் நமக்குக் கிடைக்கப்போவதில்லை.

கவனம் எப்போது வந்தது?

எழுத்தாளர் சி. மோகன், தமிழின் மிகச் சிறந்த நாவல்கள் என்று தேர்ந்தெடுத்த மிகச் சிலவற்றில் 'புயலிலே ஒரு தோணி'யையும் சேர்த்தார். பெயரே கேள்விப்படாத பலர் அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் தேடினார்கள். ஜெயமோகன் உள்ளிட்டவர்களும் விரிவாக எழுதினார்கள். சிங்காரம் இறந்த பிறகு தமிழினி பதிப்பகம் இரண்டு நாவல்களையும் சேர்த்து ஒரே தொகுதியாகக் கொண்டுவந்தது. பிறகு வேறு பதிப்பகங்களும் வெளியிட்டன. இன்று தமிழ் நாவல் பட்டியல் எதுவானாலும் அந்தப் பெயர் தவறாமல் இருக்கும்.

ஆனால் அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவற்றை அவர் பார்க்கவில்லை. அரை நூற்றாண்டு தங்கிய விடுதி அறையை 1997இல் விட்டு வர வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி மதுரையில் காலமானார். 77 வயது. தன் வாழ்நாள் சேமிப்பை, சுமார் 7 லட்சம் ரூபாய், ஏழை மாணவர்களின் படிப்புக்காக நாடார் மகாஜன சங்கத்திடம் கொடுத்திருந்தார்.

புத்தகம் போட உதவி கிடைக்காமல் அலைந்த மனிதர், தன் பணத்தைப் படிப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

'கடலுக்கு அப்பால்' அளவில் சின்னது, கதையும் நேராகப் போகும். பினாங்குக்காரர்களுக்கு அதுவே நல்ல வாசல்.

'புயலிலே ஒரு தோணி' முதல் 50 பக்கங்களில் உங்களைக் கொஞ்சம் தடுமாற வைக்கும். ஊர்ப் பெயர்கள், பட்டப்பெயர்கள், மொழிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பயப்படாதீர்கள். எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தேடிக்கொண்டு நிற்காமல், கூட்டமான சந்தையில் நடப்பது போல நடந்துகொண்டே இருங்கள். தோணி புறப்படும்போது உங்கள் காது பழகியிருக்கும். சொல்லப்போனால், தமிழ்நாட்டு வாசகரைவிட உங்களுக்குச் சுலபம். அவர்கள் அடிக்குறிப்பு தேடும் மலாய்ச் சொற்கள் உங்களுக்குத் தினப்படி பேச்சு.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஜப்பான் காலம் பற்றிக் கேளுங்கள். அதை நேரில் பார்த்த தலைமுறையில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் மிகக் குறைவு. அவர்கள் தங்கள் அப்பா, அம்மாவிடம் கேட்டதையாவது சொல்வார்கள். மரவள்ளிக் கிழங்கு, வாழைமர நோட்டு, திரும்பி வராத ஒரு சித்தப்பா. அதை ஃபோனில் பதிவு செய்து வையுங்கள்.

அடுத்த முறை லெபோ சூலியாவில் வந்தான் மீக்காக வரிசையில் நிற்கும்போது, எதிரே இருக்கும் கடைவீட்டின் மாடியைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். செல்லையா மாதிரி ஒரு பையன் 80 ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கட்டடத்தில்தான் பாய் விரித்துப் படுத்திருப்பான்.